மலர்ந்த கேள்விகள்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. மூன்றாவதாகக் கேள்வியைக் கண்டுபிடித்தது எங்கள் பள்ளிக்கூடம். அந்தக் கண்டுபிடிப்பின்போது கூடவே இருந்த கணக்கு வாத்தியார் என்ற முறையில், வரலாற்றை எழுதிவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

அதற்கு முன்பும் பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் 'தரம்' போதாது. ஏழாம் வகுப்பில் ஒரு பெண். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டுக் கேட்டு அவளுக்குப் பெயரே 'ஏன்' என்றாகிவிட்டது. ஒருநாள் காலைக் கூட்டத்தில், பள்ளிக்கூடமே நிற்கும்போது, அவள் கையைத் தூக்கினாள்.

"சார், பொண்ணுங்க டாய்லெட் ஏன் சார் எப்பவும் பூட்டியே இருக்கு?"

தலைமையாசிரியர் மனம் நொந்துபோனார். இவ்வளவு கீழ்மட்டத்தில் கேள்வி கேட்கும் தலைமுறை நாளைக்கு நாட்டை எப்படி நடத்தப்போகிறது என்று என்னிடம் வெகுநேரம் கவலைப்பட்டார். அந்த வாரமே 'கேள்வி மேம்பாட்டுப் பயிற்சியாளர்' ஒருவர் கோட்டும் டையுமாக வந்து இறங்கினார்.

பயிற்சியாளர் பலகையில் ஒரு மொட்டை வரைந்தார். பக்கத்தில் ஒரு பூவை வரைந்தார். ஒரே பதிலோடு முடிந்துபோவது மொட்டுக் கேள்வி. முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருப்பது மலர்ந்த கேள்வி என்று விளக்கினார். எங்கே, யாராவது ஒரு கேள்வி கேளுங்கள் என்றதும் 'ஏன்' எழுந்து பழைய கேள்வியையே கேட்டாள்.

"இதுக்கு என்ன பதில் வரும் பாப்பா?"

"சாவி வரும் சார்."

"பாத்தியா. சாவி வந்ததும் கேள்வி செத்துப்போச்சு. அதைக் கொஞ்சம் மலர விடணும்."

அன்று முழுக்க மலர விட்டார்கள். 'பூட்டு என்பது திறத்தலைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது?' என்று அந்தக் கேள்வி இதழ் விரித்து நின்றபோது கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. 'ஏன்' சட்டையில் பூப்போட்ட பேட்ஜ் குத்தப்பட்டது. அவள் கால் மாற்றிக் கால் வைத்துத் துள்ளிக்கொண்டிருந்தாள். மகிழ்ச்சிதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து அவளுடைய அம்மா வந்தார். பஸ் கண்டக்டர். தோளில் தொங்கிய தோல்பையைக் கழற்றாமலே, தலைமையாசிரியரின் மேஜைமேல் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தார். காலையில் நிரப்பிக் கொடுப்பது சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறதாம். குடித்தால் போகவேண்டியிருக்குமே என்று பெண் குடிப்பதே இல்லையாம். வலி தாங்காமல் டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசியும் போட்டாகிவிட்டதாம்.

"சாவி யாருகிட்ட சார் இருக்கு?"

தலைமையாசிரியர் பெருந்தன்மையோடு அவரை உட்காரவைத்தார். 'யார்' என்று தொடங்கினால் அது ஆளைக் குத்தும், பொறுப்புள்ள குடிமக்கள் 'எவ்வாறு' என்றே தொடங்குவார்கள் என்று எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் சில்லறை கேட்டுச் சண்டை போடும் கூட்டத்தையே சமாளிப்பவர். பொறுமையாக யோசித்தார்.

"சரி சார். எவ்வாறு சாவி யாருகிட்ட இருக்கு?"

முன்னேற்றம் தெரிந்தது. உடனே அவரைப் பெற்றோர் வகுப்பில் சேர்த்துக்கொண்டோம்.

எங்கள் புகழ் பரவியது. கல்வி அதிகாரியே நேரில் பார்க்க வந்தார். நெடுந்தூரம் காரில் வந்த அந்த அம்மையாருக்கு முதலில் காபி, பிறகு ஜூஸ், பிறகு மரியாதைக்கு மறுபடியும் காபி கொடுத்தோம். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து, மலர்ந்த கேள்விகளைக் கேட்டுப் பூரித்தார். போகப்போக அந்தப் பூரிப்பு முகத்தில் வேறு மாதிரி ஆனது. மெல்லக் குனிந்து 'ஏன்' காதருகே பேசினார்.

"பாப்பா, இங்க டாய்லெட் எங்க இருக்கு?"

"இது மொட்டுக் கேள்வி மேடம்."

"என்னது?"

"ஒரே பதில்தான் வரும். கொஞ்சம் மலர விடுங்க."

பின் பெஞ்சிலிருந்து இன்னொரு பெண் உதவிக்கு வந்தாள். "'எங்க'ன்னா, இடத்தைச் சொல்றீங்களா மேடம், நிலைமையைச் சொல்றீங்களா?"

"அவசரம்மா."

"அப்ப அவசரம்னா என்னன்னு மொதல்ல எல்லாரும் சேர்ந்து பேசிடலாம் மேடம்."

இவ்வளவு ஆழமான கலந்துரையாடலை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. தலைமையாசிரியருக்குத்தான் அதை ரசிக்கக் கொடுத்துவைக்கவில்லை, எழுந்து ஓடினார். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. பூட்டு துருவேறி இறுகியிருந்ததால் வாட்ச்மேன் கல்லால் தட்டி உடைத்தார். உள்ளே ஒரு பொட்டுக் கறை இல்லை. அதிகாரிகள் வந்தால் பார்த்து மகிழட்டும் என்று, கட்டிய நாளிலிருந்து ஒரு பிள்ளையையும் உள்ளே விடாமல் தலைமையாசிரியர் காப்பாற்றி வைத்திருந்தாராம்.

வெளியே வந்த அதிகாரி புது மனுஷியாக இருந்தார். இத்தனை சுத்தமான கழிப்பறையை எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை என்று மெச்சினார். போட்டோ எடுத்துக்கொண்டார். இப்படியே வைத்திருங்கள் என்று சொல்லிக் காரில் ஏறினார்.

வழியனுப்பிவிட்டுத் திரும்பினால், கழிப்பறை வாசலிலிருந்து மைதானத்தின் கோடிவரை பெண்பிள்ளைகளின் வரிசை. உள்ளேயிருந்து 'ஏன்' ஈர முகத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"யாரு உள்ள போகச் சொன்னது? எப்பப் போனீங்க? ஏன்?" என்றார் தலைமையாசிரியர்.

"இதோ வந்துட்டேன் சார்," என்று அவள் முன்னால் வந்து நின்றாள்.

சாயங்காலத்துக்குள் இரண்டு மடங்கு பெரிய பூட்டு வந்துவிட்டது. மறுபடியும் பயிற்சியாளருக்குப் போன் போனது. இந்தமுறை தலைப்பு, 'மாணவியருக்கு அடக்கம்'. அழைப்பிதழ் எழுதும் பணியை வழக்கம்போல் என்னிடம் ஒப்படைத்தார்கள். எழுத உட்கார்ந்தேன், பேனா ஓட மறுத்துவிட்டது. அடக்கிக்கொள்வதைப் பற்றி இந்தப் பெண்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க அந்த மனிதரிடம் என்ன இருக்கிறது? எங்கள் பள்ளியில் ஒருநாள்கூட விடாமல், ஒழுங்காக நடத்தப்பட்டுவந்த ஒரே பாடம் அதுதானே.