கடுகு சிறுத்தாலும் கார் குறையாது

ஐம்பது வயதாக இன்னும் நான்கு மாதம் இருக்கையில் கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டுக்கு இன்னொரு கார் வேண்டும். சின்னதாக, சிவப்பாக, மிதித்தால் சீறுவதாக.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். வெளியே இருப்பதைத் தெளிவாகக் காட்டுவது அவர் தொழில். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. உள்ளே இருப்பதைப் பார்ப்பது அவள் தொழில். இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எது ஜெயிக்கும் என்று கல்யாணத்துக்கு முன்பே யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

"எல்லாம் உனக்காகத்தான்," என்று ஆரம்பித்தார். "பெரிய வண்டியை நிறுத்த இடம் தேடி எவ்வளவு கஷ்டப்படுற. இது கைக்குட்டை சைஸ். மடிச்சுப் பையில வெச்சுக்கலாம்."

"ரெண்டே கதவு போல."

"நீ ஒரே ஆள். எத்தனை கதவு வழியா இறங்குவே?"

"பிள்ளைங்க பின்னாடி எப்படி உட்காரும்?"

"கடுகு சிறுத்தாலும் கார் குறையாதும்மா."

"சரி, வாங்கிடுங்க," என்றாள் அவள். மூன்று நாள் வாதாடத் தயாராக வந்தவருக்கு அது என்னவோ போலிருந்தது.

கார் வந்தது. தரையோடு தரையாக இருந்தது. பிள்ளைகள் இருவரும் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்துப் பின்னால் உட்கார்ந்தார்கள். டிக்கியில் ஒரு முட்டைக்கோஸ் வைக்கலாம். அதற்குத் துணையாக ஒரு எலுமிச்சம்பழமும் வைக்கலாம். வேகத்தடை வந்தால் வண்டியின் வயிறு உரசும், அவர் இறங்கிக் குனிந்து பார்ப்பார். ஆனால் ஞாயிறு காலையில், ஆளில்லாத புறவழிச்சாலையில், தனியாக ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவருக்கு வயது இருபத்தைந்து.

மூன்றாவது ஞாயிறு மனைவி சாவிக்குக் கை நீட்டினாள். "எனக்குத்தானே வாங்கினீங்க. இன்னைக்கு நான் எடுத்துட்டுப் போறேன்."

"க்ளட்ச் ரொம்ப டைட்டு. உன் காலுக்கு ஆகாது."

"அப்படியா." ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப நீங்களே ஓட்டுங்க. அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. முட்டி வலியில பெரிய வண்டியில ஏற முடியலைங்கறாரு. இதுல ஏறவே வேணாம், சரிஞ்சா போதும்."

"இறங்கறது?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

மாமனார் முப்பத்து நாலு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பாதிக்கு வேண்டாமென்று புத்தி சொன்னவர். மாப்பிள்ளை வேறு ஒருவரிடம் ஓட்டக் கற்றவர் என்பது அவருக்கு இன்றுவரை ஆறாத புண்.

"மாப்பிள்ளை, கண்ணாடி பாத்தீங்களா?"

"நாள் பூரா கண்ணாடிதானே மாமா பாக்கறேன்."

"கடையில இல்ல. வண்டியில."

மாமனாரின் காலடியில் பிரேக் இல்லை. ஆனாலும் மிதித்தார். முள் நாற்பதைத் தாண்டினால் இருமினார். அந்தச் சீறும் சிவப்புக் காரை ஒரு சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார். போகிறபோது பரிதாபமாகத் திரும்பியும் பார்த்தார்.

ஒரே ஒரு தடவை மனுஷரைப் பயமுறுத்திவிட்டால் போதும், அப்புறம் தானாகவே வரமாட்டார் என்று கணக்குப் போட்டார் கண்ணாடிக்காரர். அடுத்த ஞாயிறு புறவழிச்சாலையில் ஏறியதும் 'ஸ்போர்ட்' பொத்தானை அமுக்கினார். வண்டி கர்ஜித்தது. மரங்கள் பின்னால் ஓடின. மாமனார் இருமவில்லை, மிதிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார். உயில் எழுதுகிறார் என்று கண்ணாடிக்காரர் உள்ளுக்குள் மகிழ்ந்தார்.

வீட்டு வாசலில் இரண்டு கையாலும் இழுத்து மாமனாரை வெளியே எடுத்தபோது மனைவி தன் அப்பாவைக் கேட்டாள். "எப்படிப்பா இருந்தது?"

"வண்டி பிரமாதம்மா. அதுல ஒரு குறையும் இல்ல." நோட்டைத் திறந்தார். "இவர்கிட்டதான் பதினோரு குறை. வளைவுக்கு வந்தப்புறம் கியர் தேடறாரு. தேடறப்ப குனிஞ்சு வேற பாக்கறாரு. அடிப்படையே ஆடுது."

"சரி பண்ண முடியுமாப்பா?"

"பத்து வகுப்பு எடுக்கணும்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா மாமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதான் சிக்கலே. சின்னப் பிள்ளைன்னா அஞ்சு போதும்."

மனைவி கணவரின் விரலிடுக்கிலிருந்து சாவியை உருவினாள். "வழியில நிக்குது. கொஞ்சம் நகர்த்திட்டு வரேன்."

உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு வேனுக்கும் மதில் சுவருக்கும் நடுவே, நூல் இழுத்ததுபோல் ஒரே வளைவில் பின்னால் எடுத்தாள். அடுத்த நொடி தெருமுனையில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தது. அதுவரை உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் அவள் கையில் பாடிற்று. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பதினெட்டு வயசுல என்கிட்ட கத்துக்கிட்டா. கால் எவ்வளவு சுத்தம் பாருங்க."

நகர்த்தப் போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள்.

மறு ஞாயிறு முதல் வகுப்பு. மாமனார் தன் பழைய பள்ளியிலிருந்து ஒரு எல் போர்டு கொண்டுவந்து காரின் பின்புறம் நட்டநடுவே ஒட்டினார். காந்தப் பலகை, அறைந்த மாதிரி பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை கடைக்கு வந்த நாலு பேர் லென்ஸைப் பற்றிக் கேட்காமல் 'லைசென்ஸ்' பற்றி விசாரித்தார்கள். கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு வாரம் நாற்பதிலேயே ஓட்டினார்.

எட்டாவது வகுப்பு முடிந்த அன்று, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பலகையைக் கழட்டிடலாமா மாமா?" என்று கேட்டார்.

"தாராளமா கழட்டலாம் மாப்பிள்ளை," என்றார் மாமனார். "என் பொண்ணு தினமும் கழட்டிட்டுத்தானே ஓட்டறா."