சாய்வு நாற்காலிக்கு வந்த வாழ்வு

"இந்த நாற்காலி வீட்டை விட்டுப் போச்சுன்னா, பின்னாடியே நானும் போயிடுவேன்!"

கண்ணாடிக் கடைக்காரர் இப்படி முழங்கியது அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டேதான். எழுந்து நின்று முழங்கியிருந்தால் கொஞ்சமாவது எடுபட்டிருக்கும். ஊர்க்காரர்களுக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், கடையை மூடிவிட்டு வந்தால் அந்தச் சாய்வு நாற்காலிதான் கதி. பிரம்பு தொய்ந்து, நடுவில் அவருக்கே அளவெடுத்த மாதிரி ஒரு பள்ளம். ஒரு கை ஆடும். வீடு பெருக்குகிறவர் காலில் தவறாமல் இடிக்கும். பெருக்குகிறவர் அவருடைய மனைவி என்பதுதான் பிரச்சினையே.

மனைவி கணக்கு டீச்சர். அதிர்ந்து பேச மாட்டார். பரீட்சை ஹாலில் அவர் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாலே போதும், பையன்கள் பிட்டை மென்று விழுங்கிவிடுவார்கள்.

"போறதுன்னா சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் டீச்சர்.

சாப்பிடும்போது டீச்சரே பேச்சை ஜியோகேச்சிங் என்ற விளையாட்டின் பக்கம் திருப்பினார். யாராவது ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, இடத்தை மட்டும் போனில் குறித்துவிடுவார்களாம். மற்றவர்கள் போனும் கையுமாகப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டுமாம். ஊர்க்கோடியில் இருக்கிற பழைய மாளிகைத் தோட்டத்தில் அப்படி ஒரு டப்பா இருக்கிறதாம்.

"போன் கிட்டத்துல கொண்டுபோய்தான் விடுமாம். அப்புறம் நம்ம கண்ணுதான் கண்டுபிடிக்கணுமாம்."

"கண்ணா? அது என் தொழிலாச்சே! போன உடனே எடுத்துக் காட்டறேன்."

"கிழிச்சீங்க. சாவியைக் கையில வச்சுக்கிட்டே சாவியைத் தேடறவர் நீங்க."

"பந்தயமா?"

"பந்தயம். ஞாயித்துக்கிழமை போவோம். ஒரு மணி நேரத்துல எடுத்துட்டீங்கன்னா நாற்காலியைப் பத்தி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டேன். எடுக்கலைன்னா நாற்காலி போகும். முன்னாடியே போய்ப் பாத்துட்டு வந்தாலும் தோத்த கணக்குதான்."

"சேச்சே! என்னைப் பத்தி என்னன்னு நினைச்சே?"

என்ன நினைத்தார் என்று டீச்சர் சொல்லவில்லை.

சனிக்கிழமை, "லென்ஸ் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கடையில் சொல்லிவிட்டு நம்மவர் மாளிகைக்கு நடையைக் கட்டினார். போன் அவரைத் தண்ணீர் வற்றிய நீரூற்றுக்கு அருகே கொண்டுபோய் விட்டது. பக்கத்தில் மூக்கு உடைந்த கல் சிங்கம் ஒன்று. புதர் புதராகத் துழாவி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, கடைசியில் சிங்கத்தின் பின்னங்காலுக்குப் பின்னால் ஒரு கல்லைப் புரட்டினால், சேறு அப்பிய, கண்ணாடியால் செய்த டப்பா! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் உஷார். தாளில் பெயரெழுதவில்லை. பையில் எப்போதும் இருக்கும் மூக்குக்கண்ணாடித் துணியால் டப்பாவை ஒரு துடை துடைத்து அதே குழியில் வைத்து, கல்லை அப்படியே மூடி, மண்ணில் பதிந்த செருப்புத் தடத்தைக்கூட இலையால் கலைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து அதன் கையைத் தட்டிக்கொடுத்தார். "கவலைப்படாதே, நான் இருக்கேன்" என்றுகூடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் நடித்த நடிப்பு இருக்கிறதே! போனைத் தலைகீழாகப் பிடித்தார். நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்த்தார். ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஊஹும், இங்கே இல்லை" என்று பெருமூச்சு விட்டார். டீச்சர் நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏதோ ஞானோதயம் வந்தவர் போலச் சிங்கத்தின் பின்னால் குனிந்து, "ஆஹா!" என்று கத்தினார்.

டீச்சர் டப்பாவை வாங்கினார். திறக்கவில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"என்னங்க, இதுல என் முகமே தெரியுதே."

"நல்ல டப்பா போலிருக்கு."

"குழி பூரா சேறு. டப்பால மட்டும் பொட்டு அழுக்கு இல்லை."

"முன்னாடி வந்தவங்க யாராவது துடைச்சிருப்பாங்க."

"அப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை சேத்தை அள்ளி அப்பி வச்சவளே நான்தான். அதுக்கப்புறம் வந்தது யாரு?"

கடைக்காரர் சிங்கத்தைப் பார்த்தார். சிங்கம் உதவிக்கு வரவில்லை.

"நீயா வச்சே?"

"டப்பாவே என்னோடதுங்க. மாளிகையைப் பாத்துக்கிட்டு, வர்றவங்களுக்குச் சுத்திக் காட்டறவ என் பழைய மாணவி. கூட்டம் வரணும்னு அவ கேட்டா, வச்சேன்."

"அப்போ நீ ஆடினது கள்ளாட்டம் இல்லையா?"

"தேடறேன்னு சொன்னது நீங்க. வச்சவளுக்கு இடம் தெரியாம இருக்குமா?"

"சரி, சேறு எதுக்கு?"

"அழுக்குக் கண்ணாடியைப் பாத்தா உங்க கை சும்மா இருக்குமா? நம்ம கல்யாணத்துல, வாழ்த்த வந்த எங்க பெரியப்பா மூக்குலேருந்து கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டினவராச்சே நீங்க!"

"நாற்காலியைக் காயலான் கடைக்கா போடப் போறே?" என்றார் கடைக்காரர்.

"சேச்சே. நல்ல இடமாப் பாத்துத்தான் அனுப்புவேன்."

நாற்காலி போயிற்று. பின்னாடியே போவேன் என்றவர் போகவில்லை. ஒரு வாரம் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்ததோ என்னவோ, அடுத்த ஞாயிறு டீச்சர், "வாங்க, உங்க நாற்காலியைப் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். போனால், அதே மாளிகை! மாடியில், அந்த மாளிகையில் ஒரு காலத்தில் வாழ்ந்த முதலாளியின் அறை. பளபளவென்று மெருகேற்றி, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, நடுநாயகமாக அவருடைய நாற்காலி.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு அந்தப் பழைய மாணவி விளக்கிக்கொண்டிருந்தாள். "அந்தக் காலத்து முதலாளிங்க இந்த மாதிரி நாற்காலியிலதான் சாஞ்சிருப்பாங்க. நடுவுல பள்ளத்தைப் பாருங்க. ஒரு துரும்பைக்கூட அசைக்காத மனுஷங்களாலதான் இப்படி ஒரு பள்ளம் போட முடியும்."

கூட்டம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் நகர்ந்ததும் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடலாமென்று கயிற்றைத் தூக்கப் போனார்.

"என்னங்க, அங்கே சுவத்துல கண்ணாடிச் சட்டம் போட்டு ஏதோ மாட்டியிருக்காங்க. ஒரே விரல் அழுக்கு, என்ன எழுதியிருக்குன்னே தெரியலை."

அவ்வளவுதான். அவர் கை தானாகப் பைக்குள் போனது. துணியை எடுத்து, ஊதி ஊதி, மூலை முடுக்கு விடாமல் துடைத்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது."