கும்மிருட்டு சாரும் ஆண்ட்ரோமெடாவும்

கரண்ட் போனால் கை தட்டிய மனிதர் இந்தியா முழுவதிலும் ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவர் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார்.

ஹைதராபாத்துக்கு வெளியே ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்து, திருச்சியிலிருந்து மனைவியோடும் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கினேன். புது வீட்டின் முதல் சாயங்காலம், வாசல் பல்பைப் போட்டுவிட்டு சாமி படம் மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஒல்லியாக, உயரமாக, மப்ளர் சுற்றிய ஒருவர் நின்றார். வரவேற்க வந்திருக்கிறார் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. வாசல் பல்பைக் காட்டி, "தம்பி, இது கைக்கு எரியுது?" என்றார்.

ஹைதராபாத் பேச்சில் "கைக்கு" என்றால் "எதற்கு" என்று அர்த்தம் என்பதே எனக்கு அப்போது தெரியாது. கையில் சுட்டுக்கொண்டாரோ என்று பார்த்தேன்.

அவர்தான் கும்மிருட்டு சார். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் ஃபோர்மேன். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வீடு வீடாகப் போய் விளக்கை அணைக்கச் சொல்கிற மனிதருக்கு டவுன்ஷிப் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. "கும்மிருட்டு சார் இருக்காரா?" என்று கேட்டால் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவே, "இருக்கார், பின்னால இருட்டுல" என்பார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆண்ட்ரோமெடா என்ற நட்சத்திரக் கூட்டத்தை, தன் வீட்டுப் பின்கட்டிலிருந்து, தானே செய்த டெலஸ்கோப்பில், ஒரு பழைய ரஷ்யக் கேமராவை மாட்டிப் படம் எடுக்க வேண்டும். அது இங்கிருந்து இருபத்திரண்டு லட்சம் ஒளிவருடம் தள்ளி இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வாசல் பல்பு அதை மறைத்துவிடுமாம். அவ்வளவு தூரத்தில் இருப்பதை நாற்பது வாட் பல்பு எப்படி மறைக்கும் என்று என் மனைவி கேட்டாள். "மறைக்குதேம்மா" என்றார் துக்கத்தோடு. பல்பை அணைத்தோம். அடுத்த பல வருடங்களுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் படியில் தடுக்கி விழுந்துதான் உள்ளே வந்தார்கள்.

டெலஸ்கோப்புக்கான கண்ணாடியை அவர் தேய்த்த கதை தனி. ஆறு அங்குல வட்டக் கண்ணாடியைக் குழிவாகத் தேய்க்க வேண்டும். ராணிகஞ்சில் வாங்கிய சாணைப் பொடியைப் போட்டு, தார் டிரம் ஒன்றின் மேல் வைத்து, டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே தேய்ப்பார். இப்படி ஏழு மாதம். ஆபீஸ் விட்டு வந்ததும் ஒருவர் டிரம்மைப் பிரதட்சிணம் செய்கிறார் என்ற செய்தி பரவி, என்ன வேண்டுதல் என்று விசாரிக்க இரண்டு மாமிகள் வந்து போனார்கள்.

பிறகு நீளமான தகரக் குழாய் வந்தது. அது மேலதிகாரி பங்களா இருந்த திசையில் நீட்டிக்கொண்டிருந்ததால், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற செக்யூரிட்டி ஆபீசர் இரண்டு காவலர்களோடு வந்தார். இது எதைச் சுடும் என்று கேட்டார். சார் அவரைக் குனிய வைத்துச் சனிக்கிரகத்தைக் காட்டினார். வளையத்தோடு தொங்கிய சனியை ஒரு நிமிடம் பார்த்த ஆபீசர், நிமிர்ந்து, ஏனென்று அவருக்கே தெரியாமல், அதற்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

பார்ப்பது சுலபம், படம் எடுப்பதுதான் சிரமம். கேமரா ஒரு மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் கட்டிய சின்னக் குழாயில் ஒற்றைக் கண்ணை வைத்து, கூட்டல் குறி போன்ற கம்பியில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது விலக விலக ஒரு திருகை மயிரிழை அளவு திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இருமக் கூடாது. கொசு கடித்தால் சொறியக் கூடாது. கூட்டல் குறிக்குச் சாதாரணக் கம்பி தடிமனாம், சிலந்தி நூல்தான் சரி என்று எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "அம்மா, உங்க வீட்ல ஒட்டடை நல்லா இருக்கும்ல?" என்று கேட்டார். ஒரு வாரம் எனக்குச் சாம்பாரில் உப்பு இல்லை.

அவருடைய முதல் நல்ல படத்தைக் கெடுத்தவன் நான். ஸ்கூட்டரில் வந்து திரும்பினேன், ஹெட்லைட் பின்கட்டை ஒரு முறை நக்கிவிட்டுப் போனது. ஐம்பத்திரண்டாவது நிமிடமாம். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி. இருபத்திரண்டு லட்சம் வருஷமா வந்துட்டிருக்கிற வெளிச்சம், நாளைக்கும் வரும்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அதற்குப் பிறகு தெருமுனையிலேயே விளக்கை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தேன்.

இரண்டாவது நல்ல படத்தைக் கெடுத்தவர் ஒரு ஸ்டூடியோக்காரர். சுருளைக் கழுவக் கொடுத்திருந்தார் சார். ஸ்டூடியோக்காரருக்கு அதில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எங்கே ஒரு படம் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்பதும் தெரியவில்லை. குத்துமதிப்பாக வெட்டி உறையில் போட்டு, "பாவம் சார், உங்க ரோல் பூரா வேஸ்ட், பிரிண்ட் போடல" என்று ஆறுதலும் சொன்னார். கத்தரி சரியாக ஆண்ட்ரோமெடாவின் நடுவே போயிருந்தது. சார் இரண்டு துண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து அவர் வீட்டுக் குளியலறை ஃபிலிம் கழுவும் அறையாகி, ஸ்டெல்லா அக்கா குளிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் டவுன்ஷிப் முழுக்கப் புது மெர்க்குரி விளக்குகள் நட்டார்கள். ஒன்று அவர் பின்கட்டுச் சுவரை ஒட்டியே நின்றது. தொழிற்சாலைக்குத் தனி மின்சார லைன் என்பதால் கரண்ட்டும் போவதில்லை. ஊரே பொறாமைப்பட்ட வசதி அது. சார் மனு கொடுத்தார், பதில் வரவில்லை. ஏணி வைத்து ஏறி விளக்குக்குக் கோணிப்பை மாட்டினார், உடனே பதில் வந்தது. மெமோவுக்கு அவர் எழுதிய விளக்கத்தை நான் படித்திருக்கிறேன். கோணி என்னுடையது, விளக்கு உங்களுடையது, இருட்டு இரண்டு பேருக்கும் பொது என்று எழுதியிருந்தார்.

அடுத்து அவர் செய்ததை டவுன்ஷிப் இன்றுவரை நம்பவில்லை. குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குகட்பள்ளியில் அப்போது பாறையும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் ஹவுசிங் போர்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே தினமும் கரண்ட் போகிறது என்று கேள்விப்பட்டுக் குடியேறினார். ஸ்டெல்லா அக்கா ஸ்கூல் டீச்சர், நாலு பேருக்கு நடுவில் சத்தம் போட மாட்டார். சாமான் ஏற்றிய லாரியில் ஏறும்போது என் மனைவியிடம் மட்டும், "எல்லாரும் கரண்ட் இருக்கிற ஊருக்குப் போவாங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குகட்பள்ளிக் கரண்ட் போனது உண்மைதான். ஆனால் திரும்பியும் வந்தது. சார் எல்லாவற்றையும் மாட்டி இருபது நிமிடம் கழிந்ததும் தெருவே ஓவென்று கத்தும், அத்தனை வீடும் பளீரென்று எரியும். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று குறிக்க ஆரம்பித்தார். மூன்றே மாதத்தில் கரண்ட் போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்கிற நிலைக்கு வந்துவிட்டார். தெருப் பெண்கள் அவரைக் கேட்டுவிட்டுத்தான் மிக்ஸியில் சட்னி அரைத்தார்கள்.

இப்படி இரண்டு குளிர்காலம் போனது. மூன்றாவதில், கூட்டல் குறியில் நட்சத்திரம் இரண்டாகத் தெரிகிறது என்றார். கண் டாக்டர் புரை என்றார். அறுவைச் சிகிச்சை செய்யலாமா என்றால், இன்னும் பழுக்கவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். இன்னொரு கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. நான் பார்க்கப் போனபோது டெலஸ்கோப்பின் மேல் பெட்ஷீட் போர்த்தியிருந்தது. மனிதர் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சுது தம்பி, எடுத்துட்டுப் போய் யாராவது ஸ்கூலுக்குக் குடுத்துடு" என்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் படாரென்று வெடித்தது. காலனி முழுக்க இருட்டு. பழக்க தோஷத்தில் சாரின் கைகள் தட்டுவதற்கு எழுந்து, பாதியில் நின்று, மடியில் விழுந்தன.

ஸ்டெல்லா அக்கா சமையலறையிலிருந்து வந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். நேராகப் பின்கட்டுக்குப் போய்ப் பெட்ஷீட்டை உருவினார். "எந்த நட்சத்திரத்த நடுவுல வைக்கணும், சொல்லுங்க" என்றார்.

"நக்கோ ஸ்டெல்லா, வேணாம். ஒரு மணி நேரம் அசையக் கூடாது. உன்னால ஆகாது."

"அறுபது பிள்ளைங்கள வருஷம் பூரா அசையாம உக்கார வெச்சிருக்கேன். ஒரு நட்சத்திரம் என்ன பண்ணிடும்?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை வைத்தார். நான் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சில் கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரம் சொன்னேன். அக்கா சர்ச்சில் பாடுகிற பாட்டுகளை வாய்க்குள் முனகிக்கொண்டே திருகை நகர்த்தினார். ஒரு தவளை வந்து அவர் பாதத்தில் உட்கார்ந்தது. பாட்டு ஒரு நொடி நின்று, தொடர்ந்தது. சார் பேப்பரை விசிறியாக்கிக் கொசு ஓட்டினார்.

முப்பதாவது நிமிடம், தெருவில் சைக்கிள் மணி. லைன்மேன் வந்துவிட்டார். ஜனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். சார் பேப்பரை என் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினார். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நான் விசிறினேன். சார் லைன்மேனை ஓரமாக அழைத்துப்போய்த் தெலுங்கில் உண்மையை அப்படியே சொன்னார். பெண்டாட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் அரை மணி நேரம் வேண்டும். லைன்மேன் இளைஞர். யாரைப் படம் எடுக்கிறார் என்று கேட்டார். சார் மேலே கை காட்டினார். லைட் போட்டால் அது போய்விடுமா என்று கேட்டார். போகாது, ஆனால் தெரியாது என்றார் சார்.

லைன்மேன் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, ஃபியூஸ் கம்பி கொண்டுவர மறந்துவிட்டேன், ஆபீசுக்குப் போய் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஃபியூஸ் கம்பி அவர் சட்டைப் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை, கூட்டத்தில் யாரோ ஏந்தியிருந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் பார்த்தேன். அவர் திரும்பி வந்தபோது அறுபத்தி நான்கு நிமிடம் முடிந்து, அக்கா எழுந்து நின்று கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றே குளியலறையில் ஃபிலிமைக் கழுவினார்கள். கதவு திறந்தபோது சார் ஈரச் சுருளைப் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நீ பாரு" என்று அக்காவிடம் கொடுத்தார்.

"கறுப்பா ஒண்ணு இருக்கு. நீளமா, சாய்வா. நடுவுல கெட்டியா இருக்கு, ஓரத்துல கலைஞ்சு போகுது. பக்கத்துல சின்னதா இன்னொண்ணு, குட்டி மாதிரி."

சார் குளியலறை வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். அக்கா இன்னொரு முறை சொன்னார்.

பெரிதாக்கிய படத்தைப் பார்க்க லைன்மேனும் வந்தார். கரும்பலகையில் சாக்பீஸைக் கட்டை விரலால் தேய்த்த மாதிரி இருந்த அந்த வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, அது தன்னுடைய செக்‌ஷனில் வராது என்று பணிவாகச் சொன்னார். படத்தின் பின்னால் சார் எழுதியிருந்தார்: எடுத்தவர், ஸ்டெல்லா.

கோடையில் புரை பழுத்து, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. சோடா பாட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு, நட்சத்திரத்துக்கு இவ்வளவு நீலம் உண்டு என்பதையே மறந்திருந்தேன் என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அடுத்த குளிர்காலம் ஆண்ட்ரோமெடா உச்சிக்கு வந்ததும் ஆசையோடு ஸ்டூலை நோக்கிப் போனார். அதில் ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருந்தார்.

"நகரு ஸ்டெல்லா, எனக்குத்தான் கண் சரியாயிடுச்சே."

"நக்கோ" என்றார் அக்கா, திரும்பாமல்.

சார் தன் மப்ளரைக் கழற்றி அக்காவின் கழுத்தில் சுற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். வானம் அன்று துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் நான் கூடவே இருந்தேன். சார் ஒரு முறைகூட மேலே பார்க்கவில்லை.