ஹைதரலி உடைத்த ரொட்டி

"என்ன சாப்பிட்டேன்னு நான் கேக்கலை. பொண்ணு எப்படின்னு கேட்டேன்" என்றாள் சலாமத்.

ஹைதரலி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அதைத்தான்க்கா சொல்ல வரேன். முதல்ல பூசணிக்காய் சம்சா. பூசணியை வேக வைக்கலை. பொடிசா நறுக்கி, கொழுப்போட சேர்த்து அப்படியே உள்ள வச்சிருக்காங்க. கடிச்சா..."

"பொண்ணு?"

"டீ கொண்டு வந்துச்சு. நல்ல பொண்ணாத்தான் தெரிஞ்சுது. நான் சரியா பாக்கறதுக்குள்ள ரொட்டி வந்துடுச்சு. அப்பத்தான் தந்தூர்லேர்ந்து எடுத்தது. ஓரமெல்லாம் உப்பி, நடுவுல எள்ளு. வாசனை தாங்க முடியலை. உடைச்சிட்டேன்."

சலாமத் குரலை இறக்கினாள்.

"யாரு உடைச்சது?"

"நான்தான்."

"நீ மட்டுமா?"

"நான் கையை நீட்டினதும் வீட்டுக்காரர் சாதிக்ஜான் அந்தப் பக்கம் பிடிச்சிட்டாரு. ரெண்டு பேருமா சேர்ந்து... அப்புறம் எல்லாரும் கையை ஏந்தி துவா செஞ்சாங்க. அப்பத்தான் எனக்கே உறைச்சுது."

மார்கிலான் ஊரில் பெண் கேட்கப் போன வீட்டில் இரண்டு தரப்பும் சேர்ந்து ரொட்டியை உடைத்தால் நிச்சயம் முடிந்தது என்று அர்த்தம். நடை பழகும் குழந்தைக்குக்கூட இது தெரியும். ஹைதரலிக்கும் தெரியும். ஆனால் சூடான ரொட்டிக்கு முன்னால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

டாக்சி ஓட்டுகிறவர். மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது. வீட்டு அடுப்பில் டீ மட்டும்தான் கொதிக்கும். எந்தக் கடையில் எந்தக் கிழமை பிலாவ் நன்றாக இருக்கும், எந்தச் சந்தில் கபாப்புக்கு வெங்காயத்தைக் கழுவாமல் தருகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பயணிகள் போகும் இடத்தைச் சொல்வதற்கு முன் சாப்பிடும் இடத்தைக் கேட்பார்கள். அக்கா மகன் ஓய்பெக்குக்குப் பெண் தேடும் வேலையில், கால் சுளுக்கிக்கொண்ட அக்காவுக்குப் பதிலாக அவர் கிளம்பியதற்கும் வயிறுதான் காரணம்.

"பாத்துட்டு மட்டும் வான்னுதானேடா அனுப்பினேன்" என்றாள் சலாமத். "ஓய்பெக் இன்னைக்குக் காலையிலதான் வாயைத் திறந்தான். கூட வேலை பாக்குற பொண்ணையே கட்டிக்கிறானாம். நானும் சரின்னு சொல்லிட்டேன். உன்னைக் கூப்பிட்டா நீ போனையே எடுக்கலை."

"சாப்பிடும்போது எடுக்க மாட்டேனேக்கா."

"அங்க என்ன பேசித் தொலைச்சே?"

"வழக்கமா பேசறதுதான். உங்க வீட்டுல பொண்ணு இருக்கு, எங்க வீட்டுல ஆள் இருக்குன்னேன். இந்தச் சம்சா செஞ்ச கை எங்க வீட்டுக்கு வந்தா எங்க அதிர்ஷ்டம்னேன்."

"நாளைக்கே போய் உள்ளதைச் சொல்லிட்டு வா. அங்க ஒரு வாய் சாப்பிடக் கூடாது."

மறுநாள் போனார். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகும் பழக்கம் அவருக்கு இல்லை. கெட்ட செய்தி சொல்லப் போகிறவன் வெறுங்கையோடு வேறு போவதா என்று ஒரு பெட்டி அல்வா வாங்கிக்கொண்டார்.

சாதிக்ஜான் வாசலுக்கே வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆள் கீள் அனுப்பாம நீங்களே நேர்ல வரீங்க பாருங்க, அது பெரிய மரியாதை" என்றார்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் ஹைதரலி.

"சாப்பிட்டுச் சொல்லலாம்."

"இல்லை, சாப்பிடறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, சீமை மாதுளம் துண்டு என்று அடுக்கடுக்காக வைத்து, தண்ணீரே விடாமல் அதனதன் சாற்றிலேயே வேகவைத்தது. ஹைதரலி சொல்ல வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு, மேலே ஒரு கவளத்தையும் வைத்தார்.

தட்டு காலியாகி அவர் நிமிர்ந்தபோது, கொண்டுபோன அல்வா பெட்டியைக் காணவில்லை.

"அல்வா எங்கே?"

"அக்கம்பக்கத்துக்கு எல்லாம் கொடுத்தாச்சு" என்றாள் சாதிக்ஜான் மனைவி ஜமீலா. "மாப்பிள்ளை வீட்டு இனிப்பாச்சே. எல்லாருக்கும் சந்தோஷம்."

ஹைதரலி வீடு திரும்பி அக்காவிடம் நடந்ததைச் சொன்னார்.

"இப்ப தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சா?" என்றாள் சலாமத்.

"அடுத்த தெருவுக்கும் கொஞ்சம் போயிருக்கும். பெரிய பெட்டி."

சலாமத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "இனிமே நாம மாட்டேன்னு சொன்னா அந்தப் பொண்ணுக்குத்தான்டா கெட்ட பேரு. அவங்களாவே வேண்டாம்னு சொல்லணும். மாப்பிள்ளையைப் பத்திக் குறை சொல்லு."

ஹைதரலிக்கு அது சரியாகப் பட்டது. ஆனால் மூன்றாம் முறையாக சாதிக்ஜான் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. ஓய்பெக்கிடம் சொல்லும்படி ஒரு குறையும் இல்லை. பொய்யும் அவசரத்துக்கு வரவில்லை. கைக்கு எட்டிய குறைகள் தன்னுடையவைதான். அவற்றையே எடுத்துவிட்டார்.

"மாப்பிள்ளையைப் பத்தி மறைக்காம சொல்லணும் இல்லையா. சாப்பாட்டு ஆசை கொஞ்சம் ஜாஸ்தி."

"கொஞ்சமா?" என்று சாதிக்ஜான் சிரித்தார். "நல்லா சாப்பிடற மனுஷன் மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டான்."

"குறட்டை விடுவாப்ல. பக்கத்து வீட்டுல சுவத்தைத் தட்டுவாங்க."

"எங்க பொண்ணு இடி விழுந்தாலும் எழுந்திரிக்காது" என்றாள் ஜமீலா.

"எவ்வளவு நல்லா சமைச்சுப் போட்டாலும் கடை கடையாப் போய்ச் சாப்பிடற பழக்கம் விடாது. அது வியாதி மாதிரி."

சமையலறைத் திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சாதிக்ஜானின் தங்கை ராபியா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தலைக்குட்டைக்கு வெளியே வந்த முடியில் மாவு ஒட்டியிருந்தது. அண்ணன் வீட்டோடு இருப்பவள், அடுப்படி முழுக்க அவள் பொறுப்பு.

"போயிட்டு வரட்டுமே" என்றாள். "எங்க என்ன நல்லா இருந்துச்சுன்னு வந்து சொன்னா, வீட்டுல அதைவிட நல்லா செஞ்சுக்கலாம். ஆனா பஸ் ஸ்டாண்டு கடைக்கு மட்டும் போக வேண்டாம். அங்க லக்மான் நூடுல்ஸ் கெட்டுப்போச்சு."

ஹைதரலி வந்த வேலையை மறந்தார். "நீங்களும் கவனிச்சீங்களா? மாவை இழுக்கற ஆளு மாறிட்டான். நூல் மாதிரி வரவேண்டியது கயிறு மாதிரி வருது."

"ஆளு மாறலை. மாவை ஊற வைக்கறதில்லை. பிசைஞ்ச உடனே இழுத்தா எப்படி மெலிசா வரும்?"

"அப்படியா? அதான் நடுவுல அறுந்து அறுந்து வருது. நான் ஆளு மேல பழி போட்டேன்."

"ஆளு பாவம். முதலாளிக்குத்தான் பொறுமை இல்லை."

பிறகு பேச்சு மிளகாய் எண்ணெய்க்குப் போயிற்று. அங்கிருந்து சந்தைக்குப் பின்னால் இருக்கும் கிழவரின் கடலை சூப்புக்கு. அதில் எலும்பை எப்போது போடுகிறார்கள் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஹைதரலி குரலை உயர்த்தினார். ராபியா உயர்த்தவில்லை, விட்டும் கொடுக்கவில்லை. சாதிக்ஜானும் ஜமீலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஹைதரலியிடம் இப்படி யாரும் வாதாடி ரொம்ப நாளாகியிருந்தது.

கிளம்பும்போது ஜமீலா சொன்னாள்: "மாப்பிள்ளை குறையைத் தானா எடுத்துச் சொல்ற மனுஷங்களை எங்க பாக்க முடியும்? எங்களுக்கு முழுத் திருப்தி. வியாழக்கிழமை சொந்தக்காரங்க வராங்க. நாளைக் குறிச்சிடலாம்."

வண்டியில் உட்கார்ந்த ஹைதரலி உடனே கிளப்பவில்லை. அந்த வீட்டை ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சு உறுத்தியது. உண்மை தெரிந்த பிறகு அந்த வாசலில் கால் வைக்க முடியாது என்பதும் உறுத்தியது. எலும்பைக் கடைசியில்தான் போடுவார்கள் என்று ராபியா சொன்னது சரியாக இருக்குமோ என்றும் ஓர் ஓரத்தில் ஓடியது.

சலாமத் கேட்டதும் வெடித்தாள். "குறை சொல்லப் போய் நாள் குறிச்சிட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்டா."

ஒரு வழிதான் பாக்கி. ஓய்பெக்கையே அழைத்துப்போய், அவன் வாயாலேயே சொல்ல வைப்பது.

"நீங்க ரொட்டி தின்னதுக்கு நான் எதுக்கு மாமா அடி வாங்கணும்?" என்றான் ஓய்பெக்.

"அடி விழுந்தா நான் வாங்கிக்கறேன். நீ சொல்ல மட்டும் சொல்லு."

"சொல்லிட்டு உடனே கிளம்பிடணும். சாப்பாடு வந்தாலும் நீங்க உக்காரக் கூடாது."

"உக்கார மாட்டேன்."

வியாழக்கிழமை சாதிக்ஜான் வீட்டு முற்றத்தில் பெரிய அண்டாவில் பிலாவ் வெந்துகொண்டிருந்தது. மஞ்சள் கேரட்டும் முழுப் பூண்டும் போட்டது என்று வாசலிலேயே மூக்கு சொல்லிவிட்டது. உறவினர்கள் வரிசையாக எழுந்து நெஞ்சில் கைவைத்து சலாம் சொன்னார்கள். ஹைதரலியைத் தோளைப் பிடித்து விரிப்பின் தலைப்பக்கம் உட்கார வைத்தார்கள். ஓய்பெக்குக்குக் கதவோரம் இடம் கிடைத்தது. பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையை இப்படியா உட்கார வைப்பார்கள் என்று ஹைதரலிக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ராபியா புது உடுப்பில், கண்ணுக்கு மை தீட்டி, பெண்கள் நடுவே குனிந்தபடி இருந்தாள். சமையலறைக்கு அவள் போகாதது ஹைதரலிக்கு விநோதமாகப் பட்டது. அப்படியென்றால் பிலாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் கவலை வந்தது.

அவர் மருமகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

ஓய்பெக் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். "பெரியவங்க எல்லாரும் என்னை மன்னிக்கணும். இந்தக் கல்யாணத்தைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்" என்றான்.

ஹைதரலி கண்ணை மூடிக்கொண்டார்.

சாதிக்ஜானின் மகள் நிகோரா தட்டில் டீக் கிண்ணங்களோடு உள்ளே வந்தாள். முதல் கிண்ணத்தை ஹைதரலியின் கையில் பணிவாகக் கொடுத்தாள். அடுத்ததை எடுத்தவள், எழுந்து நின்ற ஓய்பெக்கை மேலும் கீழும் பார்த்துவிட்டு ராபியா பக்கம் திரும்பினாள்.

"அத்தை, உங்க மாப்பிள்ளைக்கு டீ குடுத்துட்டேன். அவர்கூட வந்திருக்கிற இந்த அண்ணன் யாரு?"