மத்திய அலையில் மாமனார்

மாப்பிள்ளை வானொலியைத் திருகியபோது மாமனாரின் நிகழ்ச்சி தொடங்கிவிட்டிருந்தது. பேட்டரி தேடியதில் தாமதம். கடைசியில் சுவர்க் கடிகாரத்தின் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்.

"ஙொய்ய்ங்..." என்றது வானொலி.

மாமனார் ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக். போன மாதம் அவர் ஒரு மேடையில் பேசியபோது, மாப்பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டார், ஒலிபெருக்கியையும் மீறி. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இன்று நிகழ்ச்சியை அப்பாவோடு உட்கார்ந்து கேட்க அவர் வீட்டுக்குக் கிளம்பிய மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "என்ன செய்யப் போறார்னு எங்ககிட்டகூட மூச்சு விடல. முடிஞ்சதும் முதல் போன் உங்களுக்குத்தான். இதையும் கோட்டை விட்டீங்க, நான் திரும்பி வர மாட்டேன்!"

"ஙொய்ய்ங்..."

"டியூப் லைட்டோட வேலை இது!" என்று விளக்கை அணைத்தார். சத்தம் நின்றது. யாரோ ஏதோ சொன்ன மாதிரியும் இருந்தது. ஆனால் இருட்டில் நாற்காலி முழங்காலில் மோத, அவர் போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"டுர்ர்ர்..."

"ஓஹோ, ஃபிரிட்ஜா?" அதை இழுத்து ப்ளக்கைப் பிடுங்கினார். மேலே அடுக்கியிருந்த டப்பாக்கள் ஒன்றுவிடாமல் உருண்டன. அந்த அமளி அடங்கியபோது வானொலி, "கட கட கட" என்றது.

"கீழ் வீட்டுத் தையல் மெஷின்!"

படியிறங்கி ஓடி, மொத்தக் கட்டடத்துக்கும் மெயினை அணைத்தார்.

"யாருய்யா அது? சட்டைக் கை பாதியில நிக்குது!" தையல்காரர் இருட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

"பத்து நிமிஷம் பொறுங்கண்ணே, குடும்பப் பிரச்சினை!"

"உன் குடும்பத்துக்கு நாங்க எல்லாரும் இருட்டுல உக்காரணுமா?"

மூச்சிரைக்க மேலே வந்தால், வானொலியில் "படார்!" இடி. ஜன்னலில் எட்டிப் பார்த்தார். மேகத்தின் சுவடே இல்லை, நட்சத்திரங்கள் பல்லிளித்தன. வானத்துக்கு மெயின் எங்கே இருக்கிறதென்று தெரியாததால், வானொலியைக் கிழக்கே திருப்பினார், மேற்கே திருப்பினார், தலைகீழாகவும் பிடித்தார்.

"இத்துடன் இந்த நிகழ்ச்சி நிறைவடைகிறது" என்றது அறிவிப்பாளரின் குரல், துல்லியமாக.

போன் அடித்தது.

"மாப்ளே, கேட்டீங்களா?" பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல மாமனாரின் குரல் நடுங்கியது. மாப்பிள்ளைக்குப் பாவமாகிவிட்டது. துணிந்து அளந்துவிட்டார்.

"கேட்டேனாவா? அசந்துட்டேன் மாமா! ஒவ்வொரு வார்த்தையும் மணி மணியா இருந்துச்சு. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்ல!"

மறுமுனையில் போன் கைமாறும் சத்தம் கேட்டது. மாமியார் வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இப்படிச் சொல்லி அவர் மனசை உடைச்சிட்டீங்க? டியூப் லைட்டு, ஃபிரிட்ஜு, தையல் மெஷினு, இடின்னு ரேடியோவுல வர்ற அத்தனை இரைச்சலையும் வாயாலயே போட்டுக் காட்டினதுதானே அவரோட நிகழ்ச்சியே!"