கால்நடைக் கல்லூரிக்கு எதிராக இரண்டு சாட்சிகள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: பஸ் டிப்போ டைம்கீப்பர், அவர் மனைவி, மகள், மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன். வேறு யாருமில்லை. பிறகு ஊரில் வாய்க்கு வந்ததைப் பேசியவர்கள் ஒருவரும் அங்கே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மகளுக்கு மாநிலத்தின் மறுகோடியில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. தங்குவது விடுதியில். சேருகிறாளா இல்லையா என்று மறுநாள் சொல்லியாக வேண்டும்.

டைம்கீப்பர் பள்ளிக்கூடம் முடித்த கையோடு டிப்போவில் உட்கார்ந்தவர். அப்போது அண்ணன் கல்லூரியில் இருந்தார். வீட்டில் ஒருவருக்குத்தான் படிப்பு கட்டுப்படியாகும். அதைப் பற்றி அண்ணன் தம்பி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. திசைக்கொரு பஸ்ஸை நேரம் தவறாமல் அனுப்பினாரே தவிர, எதிலும் அவர் ஏறிப் போனதில்லை.

"நம்ம ஊர் காலேஜ்லயே விலங்கியல் இருக்கே. மாடும் விலங்குதானே?"

"அங்க தவளையை அறுக்கச் சொல்வாங்கப்பா. நான் மாட்டைப் பொழைக்க வைக்கணும்."

விடுதியில் தங்கிப் படித்தபோது பட்ட பாட்டைச் சொல்லி மகளைப் பயமுறுத்தத்தான் மைத்துனரை வரவழைத்திருந்தார். மைத்துனரும் ஒழுகும் கூரையில்தான் தொடங்கினார். ஆனால் மழை ராத்திரியில் கட்டில்களை ஒன்றாக இழுத்துப் போட்டு விடிய விடியப் பாடியதைச் சொல்லும்போது அந்தப் பாட்டையே பாடத் தொடங்கிவிட்டார்.

"மாப்ளே, பயமுறுத்தச் சொன்னா கச்சேரி வைக்கிறீங்களே."

வேறு வழியில்லாமல் டைம்கீப்பர் அண்ணன் பக்கம் திரும்பினார். சிரித்தே அறியாத மனிதர். அவர் சொன்னால் எடுபடும். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு விடுதிச் சுவரேறிக் குதித்ததையும், கையும் களவுமாகப் பிடித்த வார்டன் படத்தின் கதையை முழுதாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திட்டியதையும் சொன்னார். டைம்கீப்பரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டைம்கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை அண்ணனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம்?"

அண்ணன் சொன்னார். மைத்துனர் சொன்னார். அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் மனைவியிடம் பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்கச் சொன்னார்.

மகளோடு அவர் மட்டும் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். விடுதி வாசலில் மனிதர் தேம்பித் தேம்பி அழுதார் என்று டிப்போவில் பேச்சு கிளம்பியது. அந்தக் குடும்பத்தில் யாரும் தெருவாசலில் நின்று அழுததில்லை. மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த முறை மகளைப் பார்க்கப் போனபோது விடுதிக் காவலாளியிடமே கேட்டுவிட்டாள்.

"அழவெல்லாம் இல்லைம்மா," என்றார் அவர். "பசங்க ஹாஸ்டல்ல கட்டில் ஏதாவது காலியா இருக்கான்னுதான் கேட்டார்."