துரைக்குப் போன ஆட்டுக்கால்

என் உத்தியோகம் நிரந்தரமானது என் திறமையால்தான். இத்தனை வருஷமாகச் சொல்கிறேன். வீட்டில் ஒருவராவது நம்பவேண்டுமே!

1930களில், பினாங்கு ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் நான் தற்காலிக உதவியாளன். புதிதாக ஒரு மைக்ராஸ்கோப் வந்திருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என ஒளியை வடிகட்டும் பட்டகங்கள். இரண்டையும் குறுக்காகத் திருப்பினால் ஒரே இருட்டு. நடுவில் ஆட்டுத் தசைநாரை வைத்தால், அதன் கொலாஜன் இழைகள் மட்டும் மின்னும். அவை வரிசையாகப் படுத்திருப்பதுதான் காரணம். மறுநாள் வெளியூர் டாக்டர்களுக்கு இதைச் சரியாகக் காட்டினால் வேலை நிரந்தரம் என்றார் துரை. (எங்கள் பெரிய டாக்டர்.)

பாசாரில் ஆட்டுக்கால் வாங்கி, நாரை உரித்து, உப்புத் தண்ணீரில் போட்டு டின்னை மூடினேன். "இது துரைக்கு. யாரும் தொடக்கூடாது" என்று மாமியாரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

காலையில் நார் கொஞ்சம் வழவழவென்றிருந்தது. இந்த ஊர் வெக்கைக்கு எதுதான் வழவழக்காது?

டாக்டர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். இருட்டு. நார் வைத்த தட்டைச் சுற்றினேன். இருட்டு. பட்டகத்தைத் துடைத்தேன், விளக்கைத் துடைத்தேன், நெற்றியைத் துடைத்தேன்.

துரை டின்னை முகர்ந்தார். "மிஸ்டர், இதை வேகவைத்தீரா?"

"பச்சை நார், சார். அந்தோணியார் மேல் சத்தியம்."

"மிளகு வாசம் வருகிறதே?"

அந்த நேரம் பார்த்துத் தூக்குச்சட்டியோடு வாசலில் மாமியார்.

"பெரிய மனுசனுக்குப் பச்சையாவா குடுப்பாங்க, மாப்பிள்ளே? அதான் மிளகு போட்டு நல்லா வேகவெச்சு டின்லயே திருப்பி வெச்சேன். சாறு இங்க இருக்கு லா. துரைக்கு உப்பு சரியா இருந்துச்சா?"

துரை சூப்பைக் குடித்தார். இன்னொரு கப்பும் கேட்டார். பிறகு விருந்தினர்களிடம், "வெந்தால் இழைகளின் வரிசை குலைந்துவிடும், மின்னாது. பச்சையையும் வெந்ததையும் சேர்த்துக் காட்டினால் இதைவிட நல்ல பாடம் ஏது?" என்றார். அடுத்த வாரமே என் வேலை நிரந்தரமானது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டை இருட்டாகவே காட்டியது யார்? என் பட்டகம் ஒரு மயிரிழை பிசகியதா? இதையெல்லாம் யார் கேட்டார்கள்! சம்பளக் கவரோடு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மாமியார் கேட்பார், "நம்ம சம்பளம் வந்திருச்சா, மாப்பிள்ளே?"

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மாதம் பிறந்தால் என் மனைவி கேட்கிறாள், "அம்மா பென்சன் வந்திருச்சா?"